தப்பிய முதல் குண்டு

அத்தியாயம் 6

"இருட்டறதுக்குள்ள அவரைப் பிடிச்சுடுவாங்க" என்றார் மேஜர் கிராஸ்லி. "இருபது பேரை மலைமேல அனுப்பியிருக்கேன்."

"உயிரோடயா?" என்று கேட்டார் உள்ளூர்ப் போலீஸ் இன்ஸ்பெக்டர் இத்வல் பிரீஸ்.

"அது அவர் நடந்துக்கறதைப் பொறுத்தது. தப்பிக்கப் பாத்தா சுடச் சொல்லியிருக்கேன்."

பிரீஸ் உட்காரவில்லை. மேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. மேஜரின் அறையில் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார். மேல்கோட்டுப் பொத்தானைப் போடுவார், கழற்றுவார், மறுபடி போடுவார். வெளியே நவம்பர் மழை சிலேட்டுக் குவாரியின் கறுத்த படிகள்மேல் சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. அந்தப் படிகளில், புல்லில், பாறை இடுக்குகளில் எங்கெங்கோ இருபது ஸ்னைப்பர்கள் படுத்திருந்தார்கள். தங்களுக்கு மறையவும் சுடவும் கற்றுக்கொடுத்த ஆளையே அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

போர் வந்ததும் மூடிய அந்தக் குவாரியை ராணுவம் எடுத்துக்கொண்டு ஸ்னைப்பர் பள்ளி நடத்தியது. சிசிலியில் சண்டையிட்டுவிட்டுப் போன வாரம்தான் அங்கே வந்து சேர்ந்த கார்ப்பரல் லென் டஃப்னெல், இன்று விடிந்த சற்று நேரத்தில் பழைய சரக்கு மேடையில் நின்றிருந்தபோது நெஞ்சில் குண்டு பாய்ந்து செத்தான். மேடைக்கு மேலே, சரிவில், ஒரு கல்குடில் இருக்கிறது. வெடி வைக்கும்போது தொழிலாளர்கள் ஒதுங்குவதற்காகக் கட்டியது. அதற்குள் ஒரு ரைஃபிள் கிடந்தது. பள்ளியின் பயிற்சியாளர் சார்ஜன்ட் டூகல் மக்ரே இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தின போன யுத்தத்தில் சுமந்த ரைஃபிள் அது. முந்தின இரவு சாப்பாட்டுக் கூடத்தில் டஃப்னெல் மக்ரேயின் சட்டையைப் பிடித்து உலுக்கியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். ராணுவப் போலீஸ் கைது செய்யப் போனபோது மக்ரே சமையலறைப் பின்வாசல் வழியாக நடந்து போய் மலைக்குள் மறைந்துவிட்டார்.

"ஓடிப்போனதே ஒப்புக்கிட்ட மாதிரிதான்" என்றார் மேஜர்.

"இருக்கலாம். எங்க ஊர்ல நான் நாய் உரிமம் கேக்கப் போனாக்கூட ஓடறாங்க" என்றார் பிரீஸ். "அந்த ரைஃபிளைப் பாக்கணும்."

"கார்சைட் காட்டுவார். ஆயுதக் கிடங்கு அவர் பொறுப்பு. சீக்கிரம் பாருங்க. நீங்க பாத்து முடிக்கறதுக்குள்ள எங்க வேலை முடிஞ்சிடும்."

வெளியே காரில் சாய்ந்து நின்றிருந்தாள் டெக்வென் ரௌலண்ட்ஸ். போருக்கு முன் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவள். இப்போது மகளிர் துணைப் போலீஸில் பிரீஸின் ஓட்டுநர், எழுத்தர், சில சமயம் மனசாட்சி.

"என்ன சார், மேஜர் டீ கொடுத்தாரா?"

"இல்ல."

"அப்ப நிச்சயம் அவர்தான் கொலைகாரர்."

"டெக்வென், மேல இருபது பேர் ஒருத்தரைக் கொல்லப் போயிருக்காங்க."

அவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள். அவர் வேகத்துக்கு ஓட வேண்டியிருந்தது.

லெப்டினன்ட் கார்சைடுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். எண்ணெய்க் கறை படிந்த நீண்ட விரல்கள், சிநேகமான முகம். கேட்காமலே இருவருக்கும் வெள்ளைத் தகரக் கோப்பைகளில் டீ ஊற்றினார். சர்க்கரை இல்லாததற்கு மன்னிப்புக் கேட்டார். டெக்வென் அவரைப் பாராட்டும் பார்வை பார்த்தாள்.

மேஜைமேல் இரண்டு ரைஃபிள்கள் கிடந்தன. ஒன்று புதியது. மற்றது பழையது, குட்டையாக, மூக்கு மழுங்கி, கட்டையெல்லாம் கறுத்துப்போயிருந்தது.

"இதுதான் குடில்ல கிடந்தது" என்றார் கார்சைட். "கைரேகைக்கு வழியில்ல. முதல்ல போன ஆறு பேரும் தடவிட்டாங்க."

"வழக்கமா எங்க இருக்கும் இது?"

"மக்ரேயோட வகுப்பறைச் சுவத்துல. பூட்டெல்லாம் கிடையாது. முதல் நாள் வகுப்புல இதை வச்சுத்தான் கதை சொல்லுவார். போன யுத்தம் ஆரம்பிச்சப்ப நம்மகிட்ட ஸ்னைப்பர் ரைஃபிளே இல்ல தெரியுமா? ஜெர்மன்காரன் தொலைநோக்கி மாட்டி, தலை தூக்கினவனையெல்லாம் சுட்டான். நம்ம ஆபீசருங்க வீட்ல இருந்து மான் சுடற துப்பாக்கி, யானை சுடற துப்பாக்கி எல்லாம் எடுத்துட்டுப் போனாங்க."

"பிரான்ஸ்ல யானை இருந்துச்சா?" என்றாள் டெக்வென்.

"யானைக்கு இல்ல மிஸ். ஜெர்மன்காரன் இரும்புத் தகட்டுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தான். சாதாரணத் தோட்டா அதைத் துளைக்காது."

பிரீஸ் பழைய ரைஃபிளைக் குனிந்து பார்த்தார். "தொலைநோக்கி ஏன் இப்படிப் பக்கத்துல ஒட்டிக்கிட்டிருக்கு?"

குழலுக்கு நேர் மேலே இருக்க வேண்டிய கண்ணாடி, மூன்று விரல் தள்ளி இடப்பக்கமாக மாட்டப்பட்டிருந்தது.

"நடுவுல வச்சா அஞ்சு தோட்டாவை மேல இருந்து ஒரே அழுத்துல நிரப்ப முடியாதுன்னு எந்தப் புண்ணியவானோ முடிவு பண்ணினான். யுத்தம் முடியற நேரத்துலதான் நடுவுல மாட்டின ஒண்ணு செஞ்சாங்க. அது சண்டைக்குப் போறதுக்குள்ள சண்டை முடிஞ்சிடுச்சு. அப்புறம் எல்லாத்தையும் கழட்டி வித்தாங்க. இந்த யுத்தம் வந்ததும் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சோம்."

"நம்ம சர்க்கார்னு அடையாளம் தெரியுது" என்றாள் டெக்வென்.

"இதுல சுடறதுக்குத் தனி வித்தை ஏதாவது இருக்கா?" என்று பிரீஸ் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல. எல்லா ரைஃபிளும் மாதிரிதான். கண்ணாடியில பாக்கணும், விசையை அழுத்தணும். நான் இதைத் தொட்டதுகூட இல்ல, மக்ரே விடமாட்டார்." கார்சைட் புதிய ரைஃபிளைத் தட்டினார். "என் பிள்ளைங்க இதுங்கதான். ஆயிரக்கணக்குல செய்யறதுல நல்லா சுடறதைப் பொறுக்கி எடுப்பாங்க. கன்னம் சாய்க்க மரக்கட்டை திருகி, தொலைநோக்கியை நடுவுல மாட்டி, ரெண்டையும் சேத்துச் சுட்டுப் பாத்து ஒத்துப்போக வைப்பாங்க. அப்புறம் அந்தத் தொலைநோக்கியோட நம்பரை ரைஃபிள் கழுத்துல குத்திடுவாங்க. அதுக்கு அதுதான். வேற கண்ணாடி மாட்டினா குறி எங்கேயோ போகும்."

"கல்யாணம் மாதிரி" என்றாள் டெக்வென்.

"கிட்டத்தட்ட."

"விவாகரத்து உண்டா?"

கார்சைட் கோப்பையை வாயருகே வைத்தபடி இருந்தார். பிறகு சிரித்தார். "எங்க படையில கிடையாது மிஸ்."

டஃப்னெலின் அறை வாசலில் ராணுவப் போலீஸ்காரன் ஒருவன் காவல் இருந்தான். உள்ளே கட்டில், கம்பளி, அம்மாவின் படம். கட்டிலுக்கு அடியில் அவன் சிசிலியிலிருந்து கொண்டுவந்த ரைஃபிள், மரப்பெட்டியில். பிரீஸ் ஜன்னலோரம் நடந்துகொண்டே, "நம்பரைப் படி" என்றார்.

டெக்வென் மண்டியிட்டு ரைஃபிளின் கழுத்தைத் துடைத்துப் படித்தாள். பிறகு தொலைநோக்கியின் முதுகைப் படித்தாள். பிறகு இரண்டையும் மறுபடி படித்தாள்.

"சார், இவங்க கணவன் மனைவி இல்ல."

பிரீஸ் நடப்பதை நிறுத்தினார். அன்று காலையிலிருந்து அவர் நின்றது அதுதான் முதல் தடவை.

வாசல் காவலனுக்கு முந்தின இரவுச் சண்டையைப் பற்றித் தெரிந்திருந்தது. "டஃப்னெலோட கூட்டாளி நெட்னு ஒருத்தன் சார். ஸ்னைப்பர் சுடுவான், பக்கத்துல கூட்டாளி பைனாகுலர்ல பாத்துச் சொல்லுவான். சிசிலியில ஒரு மெஷின்கன்காரனை டஃப்னெல் குறி வச்சு சுட்டிருக்கான். குண்டு ஒரு முழம் தள்ளிப் போயிடுச்சு. திருப்பி அடிச்சதுல நெட் செத்துட்டான். நீங்க தேர்வு பண்ணி அனுப்பின துப்பாக்கிதானே இதுன்னு மக்ரே சட்டையைப் பிடிச்சான்."

"மக்ரே என்ன சொன்னார்?"

"என் கையை விட்டுப் போகும்போது அது நேராத்தான் சுட்டுச்சு தம்பின்னார். வேற ஏதோ மெதுவா சொன்னார், எனக்குக் கேக்கல. டஃப்னெல் சட்டையை விட்டுட்டுப் போயிட்டான்."

மலை ஏறும்போது டெக்வென் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள். "மேஜர்தான் சார். பள்ளிக்கூடம் அவரோடது. ரைஃபிளை வெளிய அனுப்பற கையெழுத்து அவரோடது. குளறுபடி வெளிய வந்தா அவர் வேலை போயிடும். அதனாலதான் மக்ரே வாய் திறக்கறதுக்குள்ள சுடச் சொல்றார்."

"இருக்கலாம்."

"நீங்க இருக்கலாம்னு சொன்னா இல்லைன்னு அர்த்தம்."

"இருக்கலாம்."

தூரத்து முகட்டில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. இருவரும் அசையாமல் நின்றார்கள். மலை அந்தச் சத்தத்தை வாங்கி, எதிர்ப்பக்கம் எறிந்து, மறுபடி வாங்கியது. பிறகு யாரோ ஒருவன் கெட்ட வார்த்தையில் கத்துவது காற்றில் வந்தது.

"ஆட்டைச் சுட்டுட்டான் போல" என்றாள் டெக்வென்.

"அடுத்தது ஆடா இருக்காது. வா."

குடில் தாழ்வாக, இருட்டாக இருந்தது. கீழே மேடையைப் பார்த்த சுவரில் மட்டும் செங்குத்தாக ஒரு கீற்று ஜன்னல். உள்ளங்கையை வைத்தால் அடைத்துக்கொள்ளும் அகலம். அதன் வழியாகப் பார்த்தால் சரக்கு மேடை நூறு கஜம் தள்ளி, படத்துக்குச் சட்டம் போட்டதுபோலத் தெரிந்தது.

"தரையில ரெண்டு காலித் தோட்டா கிடந்துச்சுன்னு மேஜர் சொன்னார்" என்றார் பிரீஸ். "டஃப்னெல் உடம்புல ஒரு குண்டுதான். இன்னொண்ணு எங்க?"

"கீழ எங்கேயாவது போயிருக்கும். சத்தத்தை யாரும் கவனிக்க மாட்டாங்க. இங்க சுடற சத்தம் கேக்கலைன்னாத்தான் எழுந்து பாப்பாங்க." அவள் டார்ச்சை அடித்து ஜன்னல் விளிம்பில் ஓட்டினாள். "சார், இங்க பாருங்க."

கீற்றின் வலப்பக்க விளிம்பில், உள்பக்கமாக, கல் பெயர்ந்திருந்தது. சுற்றிலும் பாசி பிடித்த கறுப்பு. அந்த ஒரு இடம் மட்டும் புதுச் சாம்பல் நிறம். நடுவில் நசுங்கிய ஈயம் ஒட்டியிருந்தது.

"இவ்வளவு பக்கத்துல இருந்து ஜன்னலையே சுட்டிருக்கார்" என்றாள் டெக்வென். "அம்பது வயசுக் கை. கோபத்துல நடுங்கியிருக்கும்."

பிரீஸ் கல்லுக்கு அருகில் குனிந்தார். கையை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை விளிம்புக்கும் மூக்குக்கும் நடுவே ஆட்டிப் பார்த்தார். அவர் மனைவி பார்த்திருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பாள்.

"இது நடுங்கின கை சுட்டது இல்ல" என்றார். "ரொம்ப நிதானமான கை. மக்ரே இந்த ரைஃபிளோட வருஷக்கணக்கா பதுங்குகுழியில படுத்தவர். அவர் இந்தத் தப்பைப் பண்ணவே மாட்டார்."

"எந்தத் தப்பை?"

"கீழ போ. மேஜரைக் கூட்டிட்டு வா, கார்சைடையும். பழைய ரைஃபிளை எடுத்துட்டு வரச் சொல்லு, தோட்டா வேண்டாம். நீ மேல வராத. மேடையில டஃப்னெல் நின்ன இடத்துல உன் டீக் கோப்பையை வச்சுட்டு ஓரமா நில்லு."

"என் கோப்பையைச் சுடப் போறீங்களா?"

"ஓடு, டெக்வென்."

அவள் ஓடினாள். அவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். நாலு அடி அகலக் குடிலில், கூண்டுக் கரடி மாதிரி.

அவர்கள் வந்தபோது மழை விட்டிருந்தது. மேஜர் கடுகடுவென்று இருந்தார். கார்சைட் ரைஃபிளைத் துணியில் சுற்றி எடுத்து வந்திருந்தார். பிரீஸ், பெயர்ந்த கல்லை முதுகால் மறைத்தபடி சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஒரு சின்ன உதவி. எனக்குத் துப்பாக்கி பழக்கமில்ல. மக்ரே உள்ள நுழைஞ்சு, குறி வச்சு, சுட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்னு தெரியணும். கீழ வெள்ளைக் கோப்பை தெரியுதா? அதைக் குறி வச்சு வெறும் விசையை அழுத்துங்க. எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா. மேஜர், முதல்ல நீங்க."

"இது நேரத்தை வீணடிக்கற வேலை."

"அதனாலதான் வேகமா செய்யச் சொல்றேன்."

மேஜர் மண்டியிட்டார். ரைஃபிளைத் தோளில் வைத்து, இடப்பக்கம் தலையை நீட்டிக் கண்ணாடியில் பார்த்தார். விசை 'டிக்'கென்றது. "கோப்பை தெளிவாத் தெரிஞ்சுது. சுட்டாச்சு."

"நன்றி. லெப்டினன்ட், நீங்க மேஜரைவிட வேகமா செய்வீங்கன்னு நெனக்கறேன்."

கார்சைட் புன்னகைத்தார். ரைஃபிளை வாங்கி, ஒரே அசைவில் மண்டியிட்டு, தோளில் வைத்தார். வைக்கும்போதே மணிக்கட்டைத் திருப்பி ரைஃபிளை வலப்பக்கமாகப் புரட்டினார். பக்கத்தில் இருந்த தொலைநோக்கி குழலுக்கு நேர் மேலே வந்து நின்றது. 'டிக்'.

அழகான வேகம். நீண்ட விரல்கள் அதை யோசிக்காமல் செய்துவிட்டன. செய்து முடித்த பிறகுதான் அவர் முகத்திலிருந்து புன்னகை போனது.

பிரீஸ் பொத்தானை விட்டுவிட்டார். "மேஜர், நீங்க முதல்ல பிடிச்ச மாதிரியே மறுபடி பிடிங்க. அசையாதீங்க." மேஜர் பிடித்ததும் பிரீஸ் சுவரை விட்டு விலகினார். "கோப்பை தெரியுதா?"

"தெரியுது."

"இப்ப கண்ணாடியை விட்டுட்டு, குழல் எதைப் பாத்துக்கிட்டிருக்குன்னு பாருங்க."

மேஜர் தலையை நிமிர்த்தினார். குழலின் வாய் ஜன்னலைப் பார்க்கவில்லை. கல்லைப் பார்த்தது; பெயர்ந்த இடத்தின் நேர் நடுவை.

"உங்க கண்ணு மூணு விரல் இடது பக்கத்துல இருக்கு. அது ஜன்னல் வழியா போயிடுச்சு. குழல் வலது பக்கத்துல இருக்கு. அது போகல" என்றார் பிரீஸ். "போன யுத்தத்துல இரும்புத் தகட்டு ஓட்டை வழியா சுட்டவங்களுக்கு இதுதான் பெரிய தலைவலியா இருந்திருக்கும். மக்ரே இதை 1916-லயே படிச்சிருப்பார். நடுவுல மாட்டின கண்ணாடியிலயே பழகினவன் உங்களை மாதிரிதான் பிடிப்பான். இன்னிக்குக் காலையில ஒருத்தன் அப்படிப் பிடிச்சு சுவத்தைச் சுட்டான். ஏன்னு அவனுக்குப் புரிஞ்சுது, கெட்டிக்காரன். உடனே ரைஃபிளைப் புரட்டினான். ரெண்டாவது குண்டு சரியாப் போச்சு."

மேஜர் மெதுவாகத் திரும்பிக் கார்சைடைப் பார்த்தார்.

"ஆயுதக் கிடங்கு நடத்தற எவனுக்கும் இது தோணும்" என்றார் கார்சைட்.

"தோணும். ஆனா காலையில கேட்டேன், தனி வித்தை உண்டான்னு. ஒண்ணும் இல்ல, எல்லா ரைஃபிளும் மாதிரிதான்னீங்க. தொட்டதே இல்லைன்னீங்க. தொடாத கை இதை எங்க கத்துக்கிச்சு?" பிரீஸ் குரலைத் தாழ்த்தினார். "டஃப்னெல் ரைஃபிள்ல இருக்கற கண்ணாடி அதுக்கு உரியது இல்ல. அதை மாட்டினது யாரு, தம்பி?"

கார்சைட் ரைஃபிளைச் சுவரோரம் வைத்தார், குழந்தையைப் படுக்க வைப்பதுபோல. அடுத்த கணம் மேஜரைத் தள்ளிவிட்டு வாசல் வழியே பாய்ந்தார்.

நாலு எட்டு ஓடியிருப்பார். தரை அவர் கணுக்காலைப் பிடித்தது.

அப்படித்தான் தெரிந்தது பிரீஸுக்கு. வாசலுக்கு எதிரே இருந்த புதர்மேட்டிலிருந்து ஒரு கை நீண்டது. கார்சைட் முகம் குப்புற விழுந்தார். பிறகு மேடு எழுந்து உட்கார்ந்தது. கிழிந்த சாக்கும் புல்லும் சேறும் சேர்ந்த ஓர் உருவம். அதன் நடுவே நரைத்த புருவங்கள்.

"எழுந்திருக்காதீங்க லெப்டினன்ட்" என்றது அந்த உருவம், ஸ்காட்லாந்து மலைக்காரர்களின் இழுத்த பேச்சில். "ஈரம் நல்லா இருக்கு, அப்படியே இருங்க."

சார்ஜன்ட் மக்ரே காலையிலிருந்து அங்கேதான் கிடந்திருக்கிறார்.

"ஏன் ஓடினீங்க?" என்று கேட்டார் பிரீஸ்.

"ஓடலையே. இங்கதானே இருந்தேன். அறையில அடைச்சா மத்தவங்க சொல்றதைத்தான் கேக்க முடியும். இங்க படுத்தா பாக்க முடியும். சுட்டவன் அந்தக் கல்லை மறைக்க வருவான்னு நெனச்சேன். நீங்க முந்திட்டீங்க."

கார்சைட் கவிழ்ந்தபடியே பேச ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே பேசினார். போன கோடையில் துறைமுகத்துக்குப் போன லாரி வளைவில் கவிழ்ந்தது. ஏழு ரைஃபிளின் கண்ணாடிகள் உடைந்தன. கிடங்கிலிருந்து வேறு ஏழை எடுத்து மாட்டினார். சுட்டுப் பார்த்துச் சரிசெய்ய இரண்டு நாள் வேண்டும். கப்பல் அன்றிரவே கிளம்பியது.

"லாரியை நான்தான் ஓட்டினேன். போய்ச் சேந்ததும் அவங்களே சரி பண்ணிக்குவாங்கன்னு நெனச்சேன்" என்றார். "டஃப்னெல் நேத்து ராத்திரி வந்தான். நம்பர் ஒத்துப்போகலைன்னான். காலையில மேடைக்கு வா, தனியாப் பேசலாம்னேன். கிடங்கு ரைஃபிள் எதை எடுத்தாலும் சாவி என்கிட்டதான்னு தெரிஞ்சுடும். அதனால..."

"என்னுதை எடுத்தீங்க" என்றார் மக்ரே. "நேத்து நம்பரைப் பாருடான்னு அவன் காதுல சொன்னது நான்தான். கார்சைட் நல்ல பையன், அவர்கிட்ட கேளுன்னும் சொன்னேன்."

அவர் புல்லைக் கையால் நீவிக்கொண்டிருந்தார்.

மேஜரின் முகம் வெளுத்திருந்தது. "டூகல், நான் ஒரு நிரபராதியைச் சுட..."

"அது அப்புறம் மேஜர். ஏழுல ஒண்ணு திரும்பி வந்திருக்கு. மிச்சம் ஆறு எங்க?" என்றார் மக்ரே.

"இத்தாலியில" என்றார் கார்சைட்.

"அந்த ஆறு பேர் பக்கத்துலயும் ஆளுக்கு ஒரு நெட் படுத்திருக்கான். போங்க. லண்டனுக்குப் போன் போடுங்க. அப்புறம் முகாமோட அபாயச் சங்கை ஊதி நம்ம பசங்களைக் கூப்பிடுங்க."

மேஜர் கார்சைடைத் தூக்கி நிறுத்தினார். இருவரும் குவாரியின் பழைய தண்டவாளச் சரிவு வழியாக முகாமை நோக்கி இறங்கினார்கள். மேஜர் கிட்டத்தட்ட ஓடினார்.

டெக்வென் மூச்சிரைக்க மேலே வந்தாள். கையில் கோப்பை முழுசாக இருந்தது. மக்ரேயைக் கண்டு இரண்டடி பின்வாங்கினாள். பிரீஸ் சுருக்கமாகச் சொன்னதும் திரும்பி முன்னால் வந்தாள். "கார்சைடா? எவ்வளவு நல்ல டீ போட்டார்" என்றாள், நிஜமான வருத்தத்தோடு.

"சங்கு ஊதற வரைக்கும் குடிலுக்குள்ள இருப்போம்" என்றார் பிரீஸ்.

மக்ரே முகட்டைப் பார்த்தார். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. "அது வேண்டாம் சார். மேஜர் கீழ போய்ச் சேர அரைமணி ஆகும். இந்த மலையில இருபது பேர் சாக்கைப் போத்திக்கிட்டு, சாக்கு போத்தின ஒருத்தனைத் தேடறாங்க. மேகம் இறங்கிடுச்சுன்னா யாரு எந்தச் சாக்குன்னு தெரியாது. ஒருத்தனை ஒருத்தன் சுட்டுக்குவாங்க. என்னைப் பாத்துட்டாங்கன்னா தேடறதை நிறுத்திடுவாங்க."

"சுட்டுட்டாங்கன்னா?"

"அதுலயும் தேடறது நின்னுடும்."

அவர் சாக்குப் போர்வையைக் கழற்றிப் போட்டார். உள்ளே வெறும் கம்பளிச் சட்டை. கைகளைப் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு திறந்த சரிவில் கால் வைத்தார். பிரீஸ் ஒரு கணம் பொத்தானைத் தேடினார்; அது கையோடு வந்துவிட்டது. அதைப் பையில் போட்டுக்கொண்டு மக்ரேயின் இடப்பக்கம் போய்ச் சேர்ந்து நடந்தார். டெக்வென் எதுவும் கேட்காமல் வலப்பக்கம் வந்தாள்.

சரிவில் புல்லைத் தவிர ஒன்றுமில்லை. அந்தப் புல் முழுக்கக் கண்கள் என்று பிரீஸுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு கண்ணுக்கு முன்னாலும் ஒரு கண்ணாடி. அதன் நடுவே தன் நெஞ்சோ பக்கத்து நெஞ்சோ. ஓட வேண்டும்போல இருந்தது. காலை முதல் ஓயாமல் நடந்த கால்கள் இப்போது ஒவ்வொரு அடிக்கும் கெஞ்சின.

"டெக்வென், ஏதாவது பேசு."

"ஒண்ணும் வரல சார்."

முப்பது கஜம் முன்னால் ஒரு புல்மேடு அசைந்தது. எழுந்து ஆளானது. ரைஃபிளைத் தலைக்குமேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது.

"ரொம்ப நேரமா குறியில வச்சிருந்தேன் சார்ஜன்ட்" என்றான் அவன். நார்ஃபோக் பக்கத்து ஆள். தாடி முளைத்த, நடுவயது முகம். போருக்கு முன் திருட்டு வேட்டைக்காரன்.

"ஏன் சுடல, பிட்சர்?"

"ஒளியத் தெரிஞ்ச ஆளு வெட்டவெளியில வந்தா, ஏதோ சொல்ல வர்றார்னு அர்த்தம். கேக்கலாம்னு இருந்தேன்."

இடப்பக்கப் பாறை இடுக்கிலிருந்து இன்னொருவன் எழுந்தான். ஓடைக்கரையில் இருவர். சரிவு நெடுக, ஒன்றுமே இல்லாத இடங்களிலிருந்து, புல்லும் சேறுமாக மனிதர்கள் முளைத்து நின்றார்கள். எல்லோர் ரைஃபிளும் தலைக்குமேல் இருந்தது. பிரீஸ் மூச்சை விட்டார்.

மக்ரே மட்டும் நடையை மாற்றவில்லை. உதடு அசையாமல், "பதினெட்டு" என்றார்.

"மிச்சம் ரெண்டு பேரு?" என்று கேட்டாள் டெக்வென்.

"இன்னும் படுத்திருக்காங்க. மேஜர் கொடுத்த உத்தரவு இன்னும் ரத்தாகலையே, பொண்ணே. நடந்துக்கிட்டே இரு."

நடந்தார்கள். பதினெட்டுப் பேரும் கையிறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிட்சர் புல்வெளியைக் கண்ணால் துழாவி, உதட்டைப் பிதுக்கினான், அவனுக்கும் தெரியவில்லை. காற்று திரும்பி அடித்தது. மேகத்தின் நுனி முதல் பாறையைத் தொட்டது.

கீழே முகாமில் சங்கு ஊதியது.

அது நீளமாக ஊதி ஓய்வதற்குள், டெக்வெனின் பூட்ஸுக்கு ஒரு கை தூரத்தில் தரை பெருமூச்சு விட்டது. ஒருவன் எழுந்தான். அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவன். இருவர் முகமும் வியர்த்து வழிந்தது. ஒருவன் விசையிலிருந்து விரலை எடுக்க முடியாமல் மற்றக் கையால் அதைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

டெக்வென் அப்படியே புல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மக்ரே இருவரையும் தலை முதல் கால் வரை பார்த்தார். அவன் விரலைத் தன் கையில் வாங்கி, மெதுவாக நிமிர்த்தி விட்டார்.

"என் கண்ணுலயே படல. நீங்க ரெண்டு பேரும் தேர்வுல பாஸ்" என்றார். "மத்த பதினெட்டு பேருக்கும் நான் கடன்பட்டிருக்கேன்."

பிறகு கழற்றிப் போட்ட சாக்கை எடுக்கத் திரும்பி நடந்தார். பிரீஸ் கூடவே போனார்.